எரிந்துபோன மார்க்கெட்டும் ஒரு பெட்டி லெகோ கட்டைகளும்



போன ஆடித்தபசு விடுமுறையில் நம் தரைத்தளப் பொது அறைக்குள் எட்டிப் பார்த்தவர்கள், கேரம் போர்டு மேசை மேல் ஒரு சிறிய சிவப்புச் சுவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், அகலமும் அவ்வளவுதான். இரண்டு வளைவுகள், நடுவில் ஒரு தூண், வெள்ளை விளிம்பு. "இது சென்ட்ரல் ஸ்டேஷனா?" என்று ஒருவர் கேட்டார். "ஹைகோர்ட்" என்றார் இன்னொருவர். மூன்றாம் தளத்து ஆச்சி, "பொதிகையில போய் இறங்குற எழும்பூர்தானே?" என்றார். மூவர் சொன்னதும் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் அது எதுவும் இல்லை. அது சென்னை மூர் மார்க்கெட். இன்று நீங்கள் போய்ப் பார்க்க முடியாத கட்டடம்.

அதை ஏன் சங்கரன்கோவிலில் உட்கார்ந்து விளையாட்டுக் கட்டைகளால் கட்டினோம் என்று பலர் கேட்டீர்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் இந்த இதழில் எழுதுகிறேன்.

பலகை வீட்டில் தொடங்கியது

விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு பெட்டி நிறைய லெகோ கட்டைகள் கொண்டுவந்தான். கூடவே ஒரு படப் புத்தகம். அதில் ஒரு வெள்ளை வீடு. "காலனி காலத்து வீடு தாத்தா, இதைக் கட்டப் போறேன்" என்றான். காலனி வீடு என்றதும் எனக்கு ஹவுசிங் போர்டு காலனிதான் நினைவுக்கு வந்தது. படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்து மரவீடு.

அந்த வீட்டின் சுவரைக் கவனித்தால் கிடையாகக் கோடு கோடாக இருக்கும். மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் மெல்லிய பலகைகளைக் கீழிருந்து மேலாக ஆணி அடித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு பலகையும் தனக்குக் கீழே உள்ள பலகையின் மேல்விளிம்பைச் சற்று மூடும். மழைத் தண்ணீர் உள்ளே புகாமல் பலகைக்குப் பலகை வழிந்து தரைக்கு இறங்கிவிடும். நமக்கு இது புதிய யோசனை அல்ல. ஓலைக் கூரை வேய்வதும் நாட்டு ஓடு அடுக்குவதும் இதே கணக்குத்தான். நாம் அதைக் கூரையோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் சுவருக்கும் கொண்டுவந்தார்கள். காடும் மரமும் தாராளமாகக் கிடைத்த ஊர் அவர்களுடையது. இங்கே சுவருக்குப் பலகை அடித்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் கரையான் சாப்பிட்டு முடித்துவிடும்.

கட்டைகளில் அந்தப் பலகைச் சுவரைக் கொண்டுவருவது கொஞ்சம் வித்தை. கட்டையை வழக்கம்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பலகைபோலத் தெரியாது. பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகளை உள்ளே வைத்து, வழவழப்பான மெல்லிய தட்டைகளை அவற்றில் நிறுத்திப் பொருத்தி, ஒன்றின் விளிம்பு இன்னொன்றைத் தொடும்படி சாய்க்க வேண்டும். பேரன் இரண்டு நாள் முயன்றான். நன்றாகவே வந்தது. மூன்றாம் நாள் அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "தாத்தா, நம்ம ஊர்ல வெள்ளைக்காரங்க காலத்துக் கட்டடத்துக்குச் சுவர் எப்படி இருக்கும்?"

ஊருக்கு ஒரு சுவர், சுவருக்கு ஒரு பொம்மை

அவனுக்குப் பதில் சொல்வதற்கு முன் கட்டைகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் விளையாடும் கட்டைகள் எல்லாமே அவற்றைச் செய்தவர்கள் தினமும் பார்த்த சுவர்களின் குட்டி வடிவம்தான்.

1880-களில் ஜெர்மனியின் ருடோல்ஸ்டாட் நகரில் ரிக்டர் என்பவர் 'ஆங்கர்' கட்டைகளை விற்கத் தொடங்கினார். மணல், சுண்ணப்பொடி, ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் கலந்து அழுத்திச் செய்த செயற்கைக் கல் அவை. யோசனை, பின்னாளில் இறக்கை கட்டிப் பறந்து புகழ்பெற்ற ஓட்டோ லிலியென்தாலும் அவர் தம்பியும் கண்டுபிடித்தது. கட்டைகள் மூன்றே நிறம்: செங்கல்லுக்குச் சிவப்பு, மணற்கல்லுக்கு வெளிர் மஞ்சள், கூரைப் பலகைக் கல்லுக்கு நீலம். ஒரு ஜெர்மன் தெருவின் நிறங்கள் அவை.

அமெரிக்காவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மகன் ஜான், 1916-17 வாக்கில் 'லிங்கன் லாக்ஸ்' என்ற உருட்டுக்கட்டைப் பொம்மையை உருவாக்கினார். அது காட்டு மரவீட்டின் பொம்மை. இங்கிலாந்தில் 1934-ல் 'பேகோ' வந்தது. துளையிட்ட அடித்தட்டில் மெல்லிய கம்பிகளை நட்டு, செங்கல் வரி பதித்த சிறு பலகைகளைக் கம்பிகளுக்கிடையே இறக்கினால் ஆங்கிலேயப் புறநகர் வீடு தயார். அடுத்த ஆண்டு ரப்பரால் செய்த 'மினிப்ரிக்ஸ்' செங்கல் வந்தது.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் ஒரு தச்சர். வேலை குறைந்துபோன 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். 1934-ல் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்து 'லெகோ' என்று பெயர் வைத்தார். 1949-ல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அதற்கு முன்மாதிரி, இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் செய்த கட்டை. லெகோவின் முதல் கட்டைகளுக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. அதனால் பிடிப்புக் குறைவு. உள்ளே குழாய்கள் வைத்து, மேல் குமிழை இறுகப் பிடிக்கும் அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார்கள். அந்த ஆண்டுக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும்.

நம்மிடம் இப்படி ஒன்றும் இல்லையா என்று கேட்காதீர்கள். பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே இருக்கிறது. சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுவார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் அதை மிதிக்க வருவான். "எங்கள் வீட்டை அழிக்காதே" என்று அவர்கள் கெஞ்சுவார்கள். சின்னதாகக் கட்டிப் பார்ப்பதும், கட்டியது அழியுமே என்று தவிப்பதும் நமக்கு மிகப் பழைய பழக்கம்.

வெள்ளைச் சுவரும் சிவப்புச் சுவரும்

இப்போது பேரனின் கேள்விக்கு வருவோம். சென்னையில் ஆங்கிலேயர் காலத்துச் சுவர் இரண்டு வகை.

முதல் வகை வெள்ளை. 18-ஆம் நூற்றாண்டுச் சென்னையின் பெரிய வீடுகள் உள்ளே செங்கல், வெளியே சுண்ணாம்புக் காரை. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை நைய அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக் கரு, தயிர் போன்றவற்றைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கப்பலில் வந்து இறங்கிய ஐரோப்பியர் அதைச் சலவைக்கல் என்றே நினைத்து வியந்தார்கள். இந்தக் கைவேலை முழுக்க நம்மவர்களுடையது. நம் பக்கத்துக் காரை வீடுகளிலும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்த சுண்ணாம்பு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இரண்டாம் வகை சிவப்பு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பூச்சு இல்லாமல் செங்கல்லை வெளியே காட்டிக் கட்டும் வழக்கம் பரவியது. மேலே குவிமாடம், கூர் வளைவு, ஜாலி வேலை என்று முகலாய, ராஜபுத்திர அலங்காரங்கள். உள்ளே ஆங்கிலேய அலுவலகத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ வேண்டிய அமைப்பு. இதைத்தான் இந்தோ-சாரசெனிக் பாணி என்கிறார்கள். இந்தப் பாணியின் முதல் கட்டடமாகப் பலர் சொல்வது ஆர்க்காட்டு நவாபுக்காக 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையை. பிறகு ராபர்ட் சிஷோம் கட்டிய பல்கலைக்கழக செனட் மண்டபம், ஹென்றி இர்வின் முடித்த உயர் நீதிமன்றம் (1892), அதே இர்வினின் எழும்பூர் நிலையம் (1908) என்று வரிசை நீள்கிறது.

பூச்சு இல்லாத சுவர் என்றால் வேலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பூச்சு பல தப்புகளை மூடிவிடும். சிவப்புச் சுவரில் ஒரு செங்கல் கோணலாக இருந்தாலும் நூறு வருஷத்துக்கு எல்லோர் கண்ணிலும் படும். எனவே ஒரே அளவில், நன்றாக வெந்த, விளிம்பு உடையாத செங்கல் வேண்டும். வரிகளுக்கிடையே பாயின்டிங் சீராக ஓட வேண்டும்.

இந்த இரண்டு சுவர்களும் சென்னையில் அக்கம்பக்கமாக நின்ற இடம் ஒன்று உண்டு. 1913-ல் திறந்த வெள்ளை ரிப்பன் மாளிகை ஒருபுறம். அதற்கு அடுத்தாற்போலச் சிவப்பு மூர் மார்க்கெட்.

மூர் மார்க்கெட்டின் 85 வருஷம்

பிராட்வேயில் இருந்த பழைய பாப்ஹாம் சந்தை நெரிசலும் அசுத்தமுமாக இருந்ததால், நகருக்குப் புதிய சந்தை கட்ட மாநகராட்சி முடிவு செய்தது. அப்போதைய மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார். வரைபடம் ஆர்.இ.எல்லிஸ். கட்டியவர் ஏ.சுப்பிரமணிய ஐயர். 1900-ல் சந்தை திறந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், அதற்குள் கடைகள்.

காய்கறி, இறைச்சி, பூ என்று ஆரம்பித்த சந்தை பிறகு எல்லாம் கிடைக்கும் இடமாக மாறியது. பழைய புத்தகம், கிராமபோன் இசைத்தட்டு, கடிகாரம், பித்தளைச் சாமான், கிளி, முயல் எல்லாம் கிடைத்தன. பின்னால் உயிரியல் பூங்கா. ஊர் மக்கள் அதை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். பட்டணம் பார்க்கப் போனவர்கள் இந்த இரண்டையும் மூர் மார்க்கெட்டையும் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள்.

1979-ல் நான் வேலை தேடி மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூரில் போய் இறங்கினேன். மூன்றாம் நாளே மூர் மார்க்கெட் போனேன். அட்டை இல்லாத கணக்கியல் புத்தகம் ஒன்றைப் பேரம் பேசி நாலு ரூபாய்க்கு வாங்கினேன். அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தேர்வு எழுதி வேலைக்குப் போனேன். பிறகு ஆறு வருஷம், மாதம் ஒருமுறையாவது அந்தத் தாழ்வாரத்தில் நடந்திருப்பேன். ஒருநாள்கூடத் தலையை நிமிர்த்தி அந்த வளைவைப் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் தரையில் பரப்பியிருந்த புத்தகங்களின் மேல்தான்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. ரயில் நிலைய விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு இருந்த காலம் என்பதால், தீயைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். புகை அடங்கவில்லை. ஈரமான காகிதச் சாம்பல் காலில் ஒட்டியது. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றும் தங்கியது. அந்த நிலைய வளாகத்தில் பழைய மார்க்கெட்டின் சின்னஞ்சிறு மாதிரி ஒன்றை வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நடந்துபோன கட்டடம், கடைசியில் சுற்றி வந்து பார்க்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். அதுவாவது இருக்கிறதே.

தட்டை ஒன்று, வரி ஒன்று

எனவே பேரனிடம், "மூர் மார்க்கெட் கட்டு" என்றேன். முழுவதும் கட்ட நம் குடியிருப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் கட்டைகளையும் சேர்த்தாலும் காணாது. இரண்டு வளைவு மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

முதல் கேள்வி அளவு. லெகோவில் ஒரு சாதாரணக் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. மெல்லிய தட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. நம் கொத்தனார்கள் பொதுவாகச் சொல்லும் செங்கல் அளவு 9-க்கு 4½-க்கு 3 அங்குலம். மூன்று அங்குலம் என்பது 76 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3.2. ஆக, கட்டடத்தை 24-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு தட்டை என்பது ஒரு செங்கல் வரி. நான்கு தட்டை ஓர் அடி. ஏழடிக் கதவு 28 தட்டை. இதைக் கண்டுபிடித்த அன்று பேரன் வீடெல்லாம் ஓடி, பீரோ எத்தனை தட்டை, ஆச்சி எத்தனை தட்டை என்று அளந்துகொண்டிருந்தான்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். தூண் எவ்வளவு அகலம்? வளைவு எவ்வளவு உயரம்? அளக்கக் கட்டடம் இல்லையே. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு, தூணருகே நிற்கும் ஆளை ஐந்தரை அடி என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்டோம். அந்த ஆள் தூணை ஒட்டி நிற்கிறாரா, இரண்டடி முன்னால் நிற்கிறாரா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறியது. கடைசியில் சுவர் இருபது அடி என்று வைத்து 80 வரி கட்டினோம். நிறத்துக்கு எழும்பூர் நிலையத்தின் சிவப்பையும் வெள்ளையையும் கடன் வாங்கினோம். ஆறு வருஷம் நடந்த தாழ்வாரத்தைப் பற்றி, "எனக்கு நினைவில்லை" என்று பேரனிடம் எத்தனை முறை சொன்னேன் என்பதை எண்ணவில்லை.

நாற்பது வரி எழும்பியபோது, நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட வந்த கொத்தனார் அண்ணாச்சி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, மூட்டு மேல மூட்டு வந்திருக்கே. சுவரு நெடுகப் பிளந்துரும்."

"இது லெகோ தாத்தா. ஒட்டிக்கிட்டு நிக்கும், பிளக்காது."

அண்ணாச்சி சிரித்துவிட்டு, சுவரின் இரு பக்கத்தையும் பிடித்து மெல்ல இழுத்தார். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் பிளந்து இரண்டாக வந்தது. குமிழ் மேலும் கீழும்தான் பிடிக்கும், பக்கத்தில் பிடிக்காது. ஒரு வரியின் மூட்டு அடுத்த வரியில் கல்லின் நடுவில் வந்தால்தான் பக்கப் பிடிப்பு. அதற்கு வரிவிட்டு வரி ஓரத்தில் அரைக்கல் வைத்துத் தொடங்க வேண்டும். பேரன் ஒரு வார்த்தை பேசாமல் நாற்பது வரியையும் பிரித்தான். இரண்டாம் முறை அண்ணாச்சி சொன்னபடி அரைக்கல் வைத்துக் கட்டினான்.

வளைவு வந்தபோது இன்னொரு கேள்வி. கட்டைகளில் வளைவு ஒரே துண்டாக வார்த்து வருகிறது. எடுத்துத் தூண் மேல் வைத்தால் வேலை முடிந்தது. "நிஜச் செங்கல்லுக்குக் குமிழே இல்லையே, வளைவு எப்படி விழாம நிக்குது?" என்று கேட்டான். அண்ணாச்சியே பதில் சொன்னார்: "அடியில சென்டரிங் வெச்சு, ரெண்டு பக்கமும் ஏத்திட்டு வந்து, நடுக்கல்லை இறுக்கணும். அப்புறம் சென்டரிங்கை எடுத்தா, கல்லு ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும். விழுறதுக்கு எடம் இருக்காது." தன் காலத்தில் செங்கல் வளைவு கட்டியது இரண்டே முறை என்றும், இப்போது எல்லாம் கான்கிரீட் லிண்டல்தான் என்றும் சொன்னார். அவர் மகன் கட்டட வேலைக்கு வரவில்லை.

இர்வின், எல்லிஸ், சிஷோம் என்று வரைந்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர்களில் சிலர் பெயரும் இருக்கிறது: மூர் மார்க்கெட்டுக்கு சுப்பிரமணிய ஐயர், உயர் நீதிமன்றத்துக்கு நம்பெருமாள் செட்டி, எழும்பூர் நிலையத்துக்கு சாமிநாத பிள்ளை, ரிப்பன் மாளிகைக்கு லோகநாத முதலியார். நடுக்கல்லை இறுக்கிய கொத்தனார்களும் கல் சுமந்த சித்தாள்களும் எந்தப் புத்தகத்திலும் பெயரோடு இல்லை. அவர்கள் வேலையைத் தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே ஏடு அந்தச் சுவர்தான். சுவர் போனால் அதுவும் போயிற்று.

அளவு இருந்தால் மீட்கலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மஹால் தீப்பிடித்து உள்ளே வெந்துபோனது. ஆனால் சுவர் நின்றது. பொதுப்பணித் துறையினர் பழைய முறையைக் கற்றுக்கொண்டு, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்தே அதைச் சீரமைத்து மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூர் மார்க்கெட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நம் காலடியில் இருந்த வீடு

இப்போது நம் கதை. நம் குடியிருப்பு நிற்கும் இந்த மனையில் முன்பு ஒரு காரை வீடு இருந்தது என்பது நம்மில் நான்கைந்து பேருக்குத் தெரியும். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, மேலே மட்டப்பா. சுவர் இரண்டு அடிக் கனம். அந்த வீட்டின் முன்தூண்கள் எத்தனை என்று பேரன் கேட்டான். நான் நான்கு என்றேன். முதல் தளத்து அண்ணாச்சி ஆறு என்றார். அந்த வீட்டில் பால் வாங்கப் போய்வந்த ஆச்சி, தூணே கிடையாது, சுவர்தான் என்றார். மூன்று பேரும் அந்த வீட்டைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒரு போட்டோகூட யாரிடமும் இல்லை. இடித்தபோது நான் இதே தெருவில்தான் இருந்தேன். தூசி வருகிறதே என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

இடித்திருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த இடத்தில்தான் நாமெல்லாம் குடியிருக்கிறோம். மனை வேண்டும், வீடு வேண்டும், எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் இடிப்பதற்கு முன் ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அரைநாள் வேலை.

நம் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன. நீங்கள் பிறந்த வீடாக இருக்கலாம், பெரியப்பா வீடாக இருக்கலாம், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடாக இருக்கலாம். அடுத்த முறை போகும்போது இவற்றைச் செய்யுங்கள். உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, முகப்பின் நீளம், வாசலின் உயரம், சுவரின் கனம், தூணுக்குத் தூண் இடைவெளி ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். முகப்புக்கு நேராக நின்று ஒரு படம் எடுங்கள். ஒரு ஆளைச் சுவரை ஒட்டி நிறுத்தி, அவர் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பட்ட பாடு அடுத்தவர் பட வேண்டாம். பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் உள்ளே செங்கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்று படம் எடுங்கள். கட்டியவர் யார், எந்த ஊர்க் கொத்தனார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர் கிடைத்தால் முதலில் அதை எழுதுங்கள்.

அளவுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் பிள்ளைகள் கட்டுவார்கள். காலாண்டு விடுமுறையில் பொது அறையில் ஞாயிறுதோறும் மாலை உட்காரலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். லெகோதான் வேண்டும் என்றில்லை, எந்த பில்டிங் பிளாக்ஸ் இருந்தாலும் சரி, அட்டைப்பெட்டி இருந்தாலும் சரி. கொத்தனார் அண்ணாச்சியும் ஒரு ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வளைவை நிஜமாகக் கட்டிக் காட்டுவாராம். சென்டரிங்குக்கு ஒரு பழைய சைக்கிள் டயர் கேட்டிருக்கிறார். யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள்.

சுவர் இன்னும் கேரம் போர்டு மேசையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம், வரிகளை எண்ணலாம். பிரிக்க மட்டும் வேண்டாம் என்று பேரன் ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனான்.